திரும்பி வராத ரீஃபண்ட்: தேடித் தர வேண்டியவர் யார்?

‘பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டோம்’ என்கிறது நிறுவனம். ‘உங்கள் கணக்கில் எதுவும் வரவில்லை’ என்கிறது வங்கி. இரண்டுமே உண்மை. பணம் வேறு யாரோ ஒருவரின் கணக்கில் கிடக்கிறது. ரத்தான பயணச்சீட்டு, காலி செய்த அறை, பிடிக்காமல் திருப்பி அனுப்பிய சேலை, மருத்துவமனை முன்பணம், அரசு மானியம் என எல்லாமே வங்கிக் கணக்கு வழியாக வந்துசேரும் காலம் இது. அதில் ஒரே ஒரு எண் பிசகினால், பணத்தைத் தேடும் வேலை முழுவதும் அதைப் பெற வேண்டியவரின் தலையில் விழுகிறது. இந்த நடைமுறை மாற வேண்டும்.

ஆந்திரத்தின் புத்தூரை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து ரேணிகுண்டா செல்லும் ரயில் பாதையில், திருத்தணியையும் நகரியையும் தாண்டி வரும் ஊர். எலும்பு முறிந்தால் ‘புத்தூர் கட்டு’ போட்டுக்கொள்ளத் தமிழ்நாட்டிலிருந்து இன்றும் ஆட்கள் போகும் ஊர். 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டத்துக்கு வந்தது. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் இந்த எல்லைப் பகுதி முழுக்க உண்டு. மகனுக்குச் சென்னையில் சம்பளக் கணக்கு, அம்மாவுக்கு ஊரில் கிராம வங்கிக் கணக்கு, அப்பாவிடம் பழைய பாஸ்புக் ஒன்று என ஒரே வீட்டில் நான்கைந்து கணக்குகள் இருப்பது இங்கே சாதாரணம். பணம் வழிதவறுவதற்கு இப்படிப்பட்ட ஊர்களில்தான் வாய்ப்பு அதிகம்.

கட்டியவர் கணக்குக்கே திரும்பும்

இணையத்தில் கட்டிய பணம் பெரும்பாலும் எந்தக் கணக்கிலிருந்து போனதோ அந்தக் கணக்குக்கே திரும்பும். திருமலையில் அறை எடுப்பவர்கள் வாடகையோடு ‘காஷன் டெபாசிட்’ என்ற காப்புத்தொகையும் கட்டுகிறார்கள். அறையைக் காலி செய்ததும் அது கட்டிய கணக்குக்கே திரும்புகிறது. ரத்து செய்த ரயில் டிக்கெட்டின் பணமும் கட்டிய வழியிலேயே திரும்புகிறது.

கிராமத்துக்காரர் பலர் இவற்றை நெட் சென்டரில்தான் எடுக்கிறார்கள். ரொக்கத்தைக் கடைக்காரரிடம் கொடுப்பார்கள். அவர் தன் கணக்கிலிருந்தோ தன் போனிலிருந்தோ கட்டுவார். ரத்து செய்தால் பணம் கடைக்காரரின் கணக்குக்குப் போகும். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால், ஒரு நாளைக்கு அறுபது பேருக்கு டிக்கெட் போடுகிறவருக்கு, மூன்று வாரம் கழித்து வந்த 1,240 ரூபாய் யாருடையது என்று தெரிய வழியில்லை.

ரயில்வே இதற்கு ஒரு தீர்வைச் செய்து காட்டியிருக்கிறது. 2019 அக்டோபரிலிருந்து, அங்கீகரிக்கப்பட்ட முகவர் மூலம் எடுத்த டிக்கெட்டை ரத்து செய்தால், பயணியின் போனுக்கு ரீஃபண்ட் தொகையும் ஒரு ஓடிபி எண்ணும் வருகின்றன. அந்த எண்ணை முகவரிடம் சொன்னால்தான் கணக்கு முடியும். தனக்கு எவ்வளவு வர வேண்டும் என்பது பயணிக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால், கடைக்காரர் தன் சொந்த ஐடியில் டிக்கெட் போட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. பதிவு செய்யும்போது உங்கள் சொந்தக் கைபேசி எண்ணைக் கொடுங்கள், முடிந்தால் உங்கள் வீட்டாரின் கணக்கிலிருந்தே கட்டச் சொல்லுங்கள், முடியாவிட்டால் பெயர், தேதி, தொகை எழுதிய சீட்டு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

பெயரைப் பார்க்காத பரிமாற்றம்

அடுத்த வகை, நாம் எழுதிக்கொடுத்த கணக்கு எண்ணுக்கு நிறுவனம் பணம் அனுப்புவது. சிக்கலான வகை இதுதான்.

கணக்கு எண்ணோடு பெயரையும் எழுதுகிறோமே, பெயர் மாறினால் வங்கி நிறுத்திவிடாதா என்று பலரும் நம்புகிறார்கள். நிறுத்தாது. 2010 அக்டோபர் 14 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கலாம். எண்ணைச் சரியாகக் கொடுக்கும் பொறுப்பு அனுப்புபவருடையது. தவறான எண் யாருக்கும் சொந்தமில்லாத எண்ணாக இருந்தால் கவலையில்லை. பரிமாற்றங்களைத் தொகுதி தொகுதியாக அனுப்பும் ‘நெஃப்ட்’ முறையில் வரவு வைக்க முடியாத பணம், அந்தத் தொகுதி முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்பப்பட வேண்டும். அந்த எண்ணில் உண்மையிலேயே ஒருவர் இருந்துவிட்டால்தான் ஆபத்து. பணம் தடையில்லாமல் அவரிடம் போய்ச் சேரும்.

அதே சுற்றறிக்கையில் இன்னொரு கட்டளையும் இருக்கிறது. தவறான கணக்கில் வரவு வைக்கப்பட்டது தெரிந்தால், அதைத் திருப்பி எடுத்துச் சரிசெய்ய உறுதியான, வெளிப்படையான, விரைவான குறைதீர்ப்பு முறையை வங்கிகள் ஏற்படுத்த வேண்டும் என்கிறது அது. முதல் பகுதியை வங்கிகள் உடனே நடைமுறைப்படுத்தின. இரண்டாவது பகுதி இன்றுவரை கிளைக்குக் கிளை, மேலாளருக்கு மேலாளர் மாறுகிறது. ‘விரைவான’ என்றால் எத்தனை நாள் என்று யாரும் வரையறுக்கவில்லை.

பெயரைப் பார்க்கும் வசதி 14 ஆண்டுகள் கழித்து வந்தது. 2024 டிசம்பர் 30 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில், நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் முறைகளில் பணம் அனுப்பும் முன் பயனாளியின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் கட்டணமின்றித் தர வேண்டும் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. நல்ல மாற்றம். ஆனால், இது வசதி மட்டுமே. பெயரைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்ற கட்டாயம் அனுப்புபவருக்கு இல்லை. ஒரே கோப்பில் ஆயிரம் பேருக்கு ரீஃபண்ட் அனுப்பும் நிறுவனத்துக்குத்தான் அந்தக் கட்டாயம் மிகவும் தேவை.

வருமான வரித் துறை இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. 2019 மார்ச் 1 முதல், பான் எண்ணோடு இணைக்கப்பட்டு முன்கூட்டியே சரிபார்க்கப்பட்ட கணக்குக்கு மட்டுமே ரீஃபண்ட் போகிறது. சரிபார்ப்பு தேறாவிட்டால் பணம் துறையிடமே நிற்கும். கணக்கைத் திருத்திவிட்டு மீண்டும் கேட்கலாம். தாமதம் ஆகலாம், ஆனால் யாரோ ஒருவரிடம் போய்ச் சேர்வதில்லை.

ஆதார் வழியே போன மானியம்

அரசுப் பணத்தில் வேறொரு வகைச் சிக்கல் இருக்கிறது. ஆதாரை வைத்து அனுப்பப்படும் மானியத்துக்குக் கணக்கு எண்ணே தேவையில்லை. கடைசியாக எந்த வங்கி உங்கள் ஆதாரோடு இணைக்கப்பட்டதோ, பணம் அங்கே போகும். 2017-இல் இது நாட்டையே உலுக்கியது. ஏர்டெல் சிம் கார்டுக்கு ஆதார் சரிபார்ப்பு செய்தவர்களில் லட்சக்கணக்கானோருக்கு, அவர்களின் தெளிவான சம்மதமின்றி ஏர்டெல் பேமெண்ட்ஸ் வங்கியில் கணக்கு திறக்கப்பட்டது. சமையல் எரிவாயு மானியம் அங்கே திரும்பிவிட்டது. பழைய பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், மானியமே வரவில்லை என்று எரிவாயு ஏஜென்சிக்கு அலைந்தார்கள்.

விவகாரம் வெடித்ததும் என்ன நடந்தது? 2017 டிசம்பரில் ஆதார் ஆணையம் அந்நிறுவனத்தின் சரிபார்ப்பு உரிமத்தை நிறுத்திவைத்தது. சுமார் 31 லட்சம் பேரின் ஏறத்தாழ 190 கோடி ரூபாயை அவர்களுடைய பழைய கணக்குகளுக்கே திருப்பிக் கொடுக்க அந்த வங்கி ஒப்புக்கொண்டது. 2018 மார்ச்சில் ரிசர்வ் வங்கி 5 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதிகாரம் உள்ளவர்கள் முடிவெடுத்தால் இத்தனை லட்சம் பேரின் பணத்தையும் தேடி எடுத்துத் தர முடிகிறது.

புத்தூர்ப் பகுதியில் இன்றைக்கு இதைக் கவனிக்க வேண்டிய அவசியம் இருக்கிறது. இங்கே பரவலாக இருந்த ஆந்திரா வங்கி 2020 ஏப்ரல் 1 அன்று யூனியன் வங்கியோடு சேர்ந்துவிட்டது. சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த சப்தகிரி கிராமீண வங்கி, 2025 மே 1 முதல் ஆந்திரப் பிரதேச கிராமீண வங்கியின் பகுதியாகிவிட்டது. வங்கி இணையும்போது ஐஎஃப்எஸ்சி குறியீடு மாறுகிறது. பழைய பாஸ்புக்கின் முதல் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து விண்ணப்பத்தோடு வைத்தால், பணம் திரும்பிப் போகவோ தடுமாறவோ வாய்ப்புண்டு. ஆதாரோடு எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதை ‘மைஆதார்’ இணையதளத்தில் பார்க்கலாம். ஆந்திர அரசின் வார்டு அலுவலகமான சச்சிவாலயத்திலும் கேட்கலாம். பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார்களுக்கு ஆந்திர அரசு தரும் ‘தல்லிக்கி வந்தனம்’ போன்ற திட்டப் பணம் வரவில்லை என்று அலையும் தாய்மார்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

வங்கியின் பணம் தவறினால்?

‘எதிராளியின் கணக்கில் போய்விட்டது, அவர் சம்மதிக்காமல் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது’ என்பது வங்கிக் கிளையில் சாதாரணமாகக் கிடைக்கும் பதில். இதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஒருவர் கணக்கிலிருந்து அவர் சம்மதமின்றி எடுத்து மற்றவருக்குக் கொடுத்தால் வங்கியின் மீதுள்ள நம்பிக்கையே போய்விடும். யாருடைய கணக்கு என்ற விவரத்தைச் சொல்லாமல் காப்பதும் வங்கியின் கடமை.

ஆனால், வங்கியின் சொந்தப் பணம் தவறியபோது நடந்ததையும் பார்க்க வேண்டும். 2023 செப்டம்பர் 9 அன்று, சென்னையில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவரின் கணக்கில் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கியிலிருந்து 9,000 கோடி ரூபாய் தவறுதலாக வரவானது. சற்று நேரத்திலேயே வங்கி அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. சோதித்துப் பார்க்க அவர் நண்பருக்கு அனுப்பிய 21,000 ரூபாய் மட்டும் வெளியே போயிருந்தது. 2022 மே மாதம் எச்டிஎஃப்சி வங்கியின் சென்னை தியாகராய நகர் கிளையில் சுமார் நூறு கணக்குகளில் தலா 13 கோடி ரூபாய் காட்டியபோது, உடனடியாக அந்தக் கணக்குகளில் பணம் எடுப்பது நிறுத்தப்பட்டது.

2023 நவம்பர் 10 முதல் 13 வரை யூகோ வங்கியில் நடந்தது இன்னும் பெரியது. ‘ஐஎம்பிஎஸ்’ முறையில் ஏற்பட்ட கோளாறால், 41,000-க்கும் மேற்பட்ட கணக்குகளில் 820 கோடி ரூபாய் தவறாக வரவானது. சில நாள்களிலேயே 649 கோடி ரூபாயை, அதாவது சுமார் 79 சதவீதத்தை மீட்டுவிட்டதாக அந்த வங்கி பங்குச் சந்தைக்குத் தெரிவித்தது. இது குறித்து சிபிஐ வழக்குப் பதிந்தது.

41,000 கணக்குகளைத் தடுத்து நிறுத்தி, பணத்தை எடுக்க முடிந்தது என்றால், ஒரு மூதாட்டியின் 4,500 ரூபாய் போன கணக்கை அடையாளம் கண்டு அந்தத் தொகையை மட்டும் நிறுத்திவைக்க முடியாதா? தொழில்நுட்பம் இரண்டுக்கும் ஒன்றுதான். முன்னதில் இழப்பு வங்கிக்கு, பின்னதில் இழப்பு சாமானியருக்கு. அக்கறையில் தெரியும் வேறுபாடு அங்கிருந்துதான் வருகிறது.

நடுவில் மாட்டிக்கொள்பவர்

ரீஃபண்ட் விஷயத்தில் இன்னொரு கொடுமை உண்டு. நாமே ஒருவருக்கு அனுப்பித் தவறியிருந்தால், நம் வங்கியில் நாம் புகார் செய்யலாம்; நாம்தான் அனுப்பியவர். ரீஃபண்டில் அனுப்பியவர் நிறுவனம். பெற்றவர் யாரோ. பணத்துக்கு உரிய நாம் அந்தப் பரிமாற்றத்தின் எந்த முனையிலும் இல்லை. நம் வங்கிக்கு இதில் தொடர்பே கிடையாது. நிறுவனத்தின் வங்கிக்கு நாம் வாடிக்கையாளர் இல்லை. பணம் போய்ச் சேர்ந்த வங்கி நம்மிடம் பேசவே பேசாது. கதவைத் தட்டிக் கேட்க வேண்டிய ஒரே ஆள், ‘அனுப்பிவிட்டோம்’ என்று பேச்சை முடித்த நிறுவனம்தான்.

சட்டப்படி அந்த நிறுவனத்தின் பேச்சு அங்கே முடிவதில்லை. எண்ணைத் தவறாக அடித்தது நிறுவனம் என்றால், நமக்குத் தர வேண்டிய கடன் அப்படியே நிற்கிறது. வேறொருவருக்குக் கொடுத்ததால் அது தீர்ந்துவிடாது. நாமே எண்ணைத் தவறாகக் கொடுத்திருந்தாலும், பணத்தைத் திரும்ப அழைக்கும்படி தன் வங்கிக்கு எழுத அந்த நிறுவனத்தால் மட்டுமே முடியும்.

பணம் போய்ச் சேர்ந்தவருக்கும் அது சொந்தமாகாது. தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு சொல்கிறது. பிறர் பணம் என்று தெரிந்தும் நேர்மையற்ற நோக்கத்தோடு அதைத் தனதாக்கிக்கொள்வது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆவது பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம்.

இப்போது செய்ய வேண்டியது

பணம் வரவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டியது அந்தப் பரிமாற்றத்தின் தனி அடையாளமான ‘யுடிஆர்’ எண். நெஃப்ட் பரிமாற்றத்தில் அது 16 இலக்கம், ஆர்டிஜிஎஸ்ஸில் 22, யுபிஐ மற்றும் ஐஎம்பிஎஸ்ஸில் 12. ‘ரீஃபண்ட் ஆகிவிட்டது’ என்ற குறுஞ்செய்தி ஆதாரமாகாது. யுடிஆர் எண், தேதி, தொகை, எந்த வங்கி, கணக்கின் கடைசி நான்கு இலக்கங்கள் ஆகிய ஐந்தையும் எழுத்தில் வாங்குங்கள். கடைசி நான்கு இலக்கங்கள் உங்கள் பாஸ்புக்கோடு பொருந்தவில்லை என்றால் அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது.

பிறகு, அந்தத் தேதி அடங்கிய உங்கள் வங்கி அறிக்கையை இணைத்து, பணத்தைத் திரும்ப அழைக்கக் கோரி நிறுவனத்துக்கு எழுதுங்கள். போனில் பேசுவதோடு நிற்காதீர்கள். புகார் எண் வாங்குங்கள். நிறுவனம் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். தவறு வங்கியுடையது என்றால், முதலில் வங்கியிடம் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுத்து, 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கட்டணம் இல்லை. 14448 என்ற எண்ணில் தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.

ஒரு எச்சரிக்கை. ரீஃபண்ட் வராத பதற்றத்தில் இருப்பவர்களைத்தான் மோசடிக்காரர்கள் தேடுகிறார்கள். இணையத்தில் தேடிக் கிடைக்கும் ‘கஸ்டமர் கேர்’ எண்களை நம்ப வேண்டாம். டிக்கெட்டிலோ ரசீதிலோ அச்சிட்ட எண்ணை மட்டுமே அழையுங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

உங்கள் கணக்கில் தெரியாத பணம் வந்திருந்தாலும் இதே கவனம் வேண்டும். ‘தவறுதலாக அனுப்பிவிட்டேன், இந்த எண்ணுக்குத் திருப்பிப் போடுங்கள்’ என்று யாராவது அழைத்தால் நேரடியாக அனுப்பாதீர்கள். குறுஞ்செய்தி போலியாக இருக்கலாம். பணம் வேறு யாரிடமோ திருடப்பட்டதாகவும் இருக்கலாம், அப்படியானால் உங்கள் கணக்கே முடக்கப்படும். உங்கள் வங்கிக் கிளைக்கு எழுதிக்கொடுத்து, வங்கி வழியாகவே திருப்பிவிடுங்கள்.

விதிகளில் மாற வேண்டியது

தனிமனிதர் கவனத்தால் மட்டும் இது தீராது. தென்கொரியாவில் 2021 ஜூலை முதல், தவறாக அனுப்பிய பணத்தை மீட்டுத் தரும் பொறுப்பை வைப்புத்தொகைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்றிருக்கிறது. அனுப்பியவர் விண்ணப்பித்தால், பெற்றவரைத் தேடிப் பேசி, தேவைப்பட்டால் சட்டப்படி வசூலித்து, செலவை மட்டும் கழித்துக்கொண்டு தருகிறது. பிரிட்டனில், புகார் வந்த இரண்டு வேலை நாள்களுக்குள் வங்கி நடவடிக்கையைத் தொடங்குவது வழக்கம். நம் நாட்டிலும் வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகம் இருக்கிறது. அல்லது ரிசர்வ் வங்கியே இதற்கென ஒரு பிரிவை அமைக்கலாம்.

அதற்கு முன்பே, ஒரு சுற்றறிக்கையில் செய்து முடிக்கக்கூடியவை சில. மொத்தமாக ரீஃபண்ட் அனுப்பும் எந்த நிறுவனமும், திருப்பதி தேவஸ்தானமும் அரசுத் துறைகளும் உட்பட, பெயர் பொருந்திய பிறகே அனுப்ப வேண்டும் என்று கட்டாயமாக்க வேண்டும். ரீஃபண்ட் குறுஞ்செய்தி ஒவ்வொன்றிலும் யுடிஆர் எண்ணும் கணக்கின் கடைசி நான்கு இலக்கங்களும் இருக்க வேண்டும். தவறிய வரவு என்று புகார் வந்த அன்றே, அந்தத் தொகையை மட்டும் பெற்றவரின் கணக்கில் நிறுத்திவைத்து, அவர் தரப்பைக் கேட்டு, 20 வேலை நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பணத்துக்கு உரியவர் அனுப்பியவராக இல்லாவிட்டாலும், புகார் கொடுக்கும் உரிமை அவருக்கு வேண்டும்.

தோல்வியடைந்த பரிமாற்றங்களில், குறித்த நாளுக்குள் பணம் திரும்பாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதித்தது. ஏடிஎம்மில் வராத பணம் இப்போது தானாகவே கணக்கில் திரும்பி ஏறுவதற்கு அந்த 100 ரூபாய் முக்கியக் காரணம். தவறான கணக்குக்குப் போன ரீஃபண்டுக்கும் அதே விதியை நீட்டிக்க வேண்டும். இழப்பீட்டைத் தவறு செய்தவர் தர வேண்டும். ‘விரைவான’ என்று 2010-இல் எழுதிய சொல்லுக்கு எத்தனை நாள் என்பதை ரிசர்வ் வங்கி இந்த ஆண்டிலாவது எழுதித் தர வேண்டும்.